தற்காப்புக் கைத்துப்பாக்கிக்கு எத்தனை தோட்டா? முடிவு செய்யும் முறை

முதல் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எத்தனை ரவுண்டு பிடிக்கும்?" என்றுதான். நான் அதைக் கடைசிக் கேள்வியாக வைப்பேன். சட்டம், வைக்கும் இடம், கைப்பிடி மூன்றையும் பார்த்துவிட்டால் எண்ணிக்கை பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும். உரிமம், பாதுகாப்பு விதிகள் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: சட்ட வரம்பு

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மேகசினுக்கு (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) 10 தோட்டா, கொலராடோவில் 15 என்று உச்சவரம்பு உண்டு. உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள். வரம்பு 10 என்றால் 17 தோட்டாவுக்காகச் செய்த பெரிய பிடியைச் சுமப்பதில் பெரிய லாபமில்லை.

படி 2: இடுப்பிலா, வீட்டிலா?

வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் வைப்பதற்கு என்றால் அளவு ஒரு பிரச்சினையே இல்லை. 17 தோட்டா பிடிக்கும் கிளாக் 17 போன்ற முழு அளவுத் துப்பாக்கியையே எடுக்கலாம். இடுப்பில் மறைத்து வைப்பது வேறு கதை. சட்டைக்கு மேல் துருத்தித் தெரிவது பெரும்பாலும் குழல் இல்லை, பிடிதான். பிடியின் நீளத்தைத் தீர்மானிப்பது மேகசின். 9 எம்எம் தோட்டா ஒன்று ஏறக்குறைய 12 கிராம். 15 தோட்டா என்றால் 180 கிராம் கூடுதல். நாள் முழுக்க இடுப்பில் இருந்தால் அது உறைக்கும். கனக்கிறது என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் துப்பாக்கியில் எத்தனை பிடித்து என்ன பயன்?

படி 3: கைக்குப் பொருந்துகிறதா?

முன்பெல்லாம் சிறிய துப்பாக்கி என்றால் 5 தோட்டா ரிவால்வர், அல்லது கிளாக் 43 போல 6 பிடிக்கும் ஒற்றை வரிசை மேகசின். 2018-இல் வந்த சிக் சாயர் பி365, கிட்டத்தட்ட அதே அளவில் 10 தோட்டாவை அடக்கிக் காட்டியது. இன்று என் தேர்வும் இந்த 10 முதல் 12 வரையிலான ரகம்தான். ஆனால் சுண்டுவிரல் பிடியில் உட்காராமல் தொங்கினால் அடுத்த குறி விலகும். 15 தோட்டாவைச் சிதறடிப்பதைவிட 8 தோட்டாவைக் குறியில் வைப்பது மேல். சுட்ட ஒவ்வொரு தோட்டாவும் எங்காவது போய்ப் பாயத்தான் செய்யும். அதற்குப் பொறுப்பு நீங்கள்.

1986-இல் மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவரைப் பலிகொண்ட துப்பாக்கிச் சண்டையை, நிறையத் தோட்டா வேண்டும் என்பதற்குப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். கையில் அடிபட்ட அதிகாரியால் ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்ப முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் கொள்ளையரைத் துரத்திப் பிடிக்கப் போனவர்கள். நம் வேலை விலகித் தப்பிப்பது. அந்தக் கணக்கை அப்படியே நமக்குப் போடக் கூடாது.

படி 4: எழுதிய எண்ணிக்கை உண்மையில் வேலை செய்கிறதா?

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. பெட்டியில் "10+1" என்று போட்டிருக்கும். அதாவது மேகசினில் 10, சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் குழலின் பின்பகுதி) 1. முழு மேகசினைப் போட்டு, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்துவிட்டு, மேகசினைக் கழற்றி இன்னொரு தோட்டா சேர்த்துத் திரும்பப் போடுகிறோம். இப்போது ஸ்லைடு மூடியிருக்கிறது. மேல் தோட்டா அதன் அடிப்பாகத்தில் முட்டுகிறது. ஸ்பிரிங்குக்கு இறங்க இடமில்லை. மேகசின் உள்ளே போனதுபோல இருக்கும், ஆனால் கொக்கி மாட்டியிருக்காது. முதல் குண்டு வெடித்ததும் மேகசின் காலடியில் விழும்.

சுடுதளத்தில், குழல் இலக்கைப் பார்த்தபடி இருக்க, இப்படிச் சோதியுங்கள்: முழுதாக நிரப்பிய மேகசினை மூடிய ஸ்லைடின் கீழ் உள்ளங்கையால் ஓங்கித் தட்டிப் போடுங்கள். அப்புறம் அடித்தகட்டைப் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் அந்த மேகசினில் ஒரு தோட்டா குறைத்துப் போடுங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் பழகியதும் மறுபடி சோதிக்கலாம்.

கடைசி இரண்டு தோட்டா கட்டைவிரலைப் பதம் பார்க்கும். மேகசினில் தோட்டா நிரப்ப உதவும் அப்லூலா லோடர் ஒன்று வாங்கிவிடுங்கள். மேகசின் அடியில் மாட்டும் நீட்டிப்புகளைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். இடுப்பில் போவது தயாரிப்பாளரின் சொந்த மேகசின்தான்.

படி 5: உதிரி மேகசின்

பிஸ்டல் மக்கர் செய்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மேகசினைத்தான். எனவே 15 பிடிக்கும் ஒன்றைவிட 10 பிடிக்கும் இரண்டு எனக்கு நிம்மதி. பயிற்சி மேகசினுக்கும் எடுத்துச் செல்வதற்கும் தனித்தனியாகப் பெயின்ட்டால் எண் போடுங்கள். கீழே விழுந்து உதடு (தோட்டாவைப் பிடித்து வைக்கும் மேல் விளிம்பு) வளைந்தது எது என்று அப்போதுதான் தெரியும்.

பின்சேர்க்கை: நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடாதா என்று பலர் கேட்டிருந்தார்கள். நல்ல ஸ்பிரிங் அழுந்திக் கிடப்பதால் தேய்வதைவிட, மாறி மாறி அழுந்தி விரிவதால்தான் அதிகம் தேயும். கடைசித் தோட்டாவைச் சுட்டபின் ஸ்லைடு பின்னால் நிற்காமல் மூடிக்கொள்ளத் தொடங்கினால், கட்டைவிரல் ஸ்லைடு நெம்புகோலில் படவில்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். அப்போதும் அப்படியே என்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.