எக்ஸ்ப்ளிகபிள்: எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

ஆங்கிலத்தில் 'இன்எக்ஸ்ப்ளிகபிள்' என்றால் விளக்கவே முடியாதது என்று பலருக்குத் தெரியும். முன்னால் இருக்கும் 'இன்'னை எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் எக்ஸ்ப்ளிகபிள்: காரணம் சொல்லி விளக்கக்கூடியது. பொருள் அவ்வளவுதான், ஆனால் வாக்கியத்தில் போடும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள்.

இதன் வேர் லத்தீன். அங்கே எக்ஸ்ப்ளிகாரே என்றால் மடிப்பைப் பிரித்து விரிப்பது. காம்ப்ளிகேட்டட் என்பதிலும் இதே மடிப்புதான் இருக்கிறது, ஒன்றோடொன்று சேர்த்து மடித்துவிட்டார்கள், அதனால் சிக்கல். தமிழில் நாம் ஒன்றை விளக்கும்போது அதன்மேல் வெளிச்சம் போடுகிறோம், லத்தீன்காரர் புடவையைப் பிரிப்பதுபோல் பிரித்துக் காட்டுகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் மடிப்பு இருந்தால்தான் பிரிக்க முடியும். முதலில் புதிராகத் தெரிகிற ஒன்றுக்குத்தான் இந்தச் சொல் பொருந்தும்.

புதன் கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்குச் சுமார் 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) கூடுதலாக நகர்ந்ததற்கு நியூட்டனின் விதிகளால் கணக்குச் சொல்ல முடியவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வந்த பிறகுதான் விடை கிடைத்தது. 'தி ஷிஃப்ட் வாஸ் எக்ஸ்ப்ளிகபிள் ஒன்லி இன் டெர்ம்ஸ் ஆஃப் ஜெனரல் ரிலேட்டிவிட்டி' என்று எழுதினால் சொல் கச்சிதமாக உட்காருகிறது.

அந்த 'ஒன்லி'யைக் கவனியுங்கள். இந்தச் சொல் தனியாக வருவதைவிட 'ஒன்லி', 'நாட் ஈஸிலி', 'ஹார்ட்லி' போன்ற துணையோடு வருவதுதான் இயல்பு. பெரும்பாலும் 'இஸ்', 'வாஸ்' ஆகியவற்றுக்கு அடுத்து நிற்கும், அதன் பின்னால் 'பை', 'இன் டெர்ம்ஸ் ஆஃப்', 'இஃப்' என ஏதாவது ஒன்று காரணத்தைக் கொண்டுவரும்.

அப்புறம், எக்ஸ்ப்ளனேட்டரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது விளக்கம் தருவது, இது விளக்கத்துக்கு உட்படுவது. படத்துக்குக் கீழே வரும் குறிப்பு எக்ஸ்ப்ளனேட்டரி, படத்தில் தெரிகிற விநோதம் எக்ஸ்ப்ளிகபிள்.

இதைவிட ஆபத்தான குழப்பம் அண்டர்ஸ்டாண்டபிளோடு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்ட நண்பர் ஒருவருக்கு, ஆறுதலாக இருக்கட்டும் என்று 'யுவர் ஆப்சன்ஸ் இஸ் எக்ஸ்ப்ளிகபிள்' என்று நான் ஒருமுறை எழுதிவிட்டேன். 'நீங்கள் வராததற்குக் காரணம் கண்டுபிடிக்க முடிகிறது' என்பதுபோல் அது எவ்வளவு வறட்சியாக ஒலித்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அண்டர்ஸ்டாண்டபிளில் பரிவு உண்டு, இதில் கிடையாது. மனிதர்களின் கஷ்டத்தைப் பற்றிப் பேசும்போது தயவுசெய்து முன்னதையே போடுங்கள்.

கட்டுரை, ஆய்வறிக்கை, தீர்ப்பு மாதிரியான எழுத்துக்கு இது சரி. பேச்சில் வேண்டாம், 'தேர் இஸ் அ ரீசன்' போதும். உச்சரிப்பில் இன்று பலர் 'ப்ளிக்'கில் அழுத்தம் கொடுக்கிறார்கள், பழைய வழக்கம் முதல் அசையான 'எக்ஸ்'சில் அழுத்துவது. இரண்டுமே அகராதிகளில் இருக்கின்றன.