பெரியவரின் பாஸ்புக்கும் என் டெம்ப்ளேட்டும்: தொடர்புள்ள பதிவுகளைக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பச்சைத் தேயிலைக் கொள்முதல் மையத்துக்கு மாதக் கணக்குப் பக்கம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். சிறு விவசாயிகள் இலையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். எடை போட்டு, ஈரத்துக்குக் கொஞ்சம் கழித்து, பாஸ்புக்கில் எழுதித் தருவார்கள். மாதம் முடிந்ததும் மொத்த கிலோவை அந்த மாத விலையால் பெருக்கி, உரத்துக்கு வாங்கிய முன்பணத்தைக் கழித்து, மீதியைக் கொடுப்பார்கள். இதை ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு தாளில் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

டேட்டாபேஸில் நாலு டேபிள்: விவசாயி, வரவு (ஒரு தடவை கொண்டுவந்த இலை), முன்பணம், மையம். ஒரு வரவு ஒரு விவசாயியையும் ஒரு மையத்தையும் சுட்டும். ஒரு விவசாயிக்குப் பல வரவுகள், பல முன்பணங்கள். டேபிள்களுக்கு இடையிலான இந்தத் தொடர்பைத்தான் ‘உறவு’ என்கிறேன். நான் ஜாங்கோவில் எழுதினேன், பைத்தான் மொழியில் இணையப் பக்கங்கள் எழுத உதவும் கட்டமைப்பு அது. லாராவெல், ரெயில்ஸ் என்று வேறு எதில் எழுதினாலும் இங்கே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை வேறு பெயரில் வந்து நிற்கும்.

முதல் மாதத் தாள்களைக் கொடுத்த மறுநாள் ஒரு பெரியவர் மையத்துக்கு வந்தார். “தம்பி, உரத்துக்கு நான் வாங்கினது நாலாயிரத்து ஐந்நூறு. இதுல முப்பத்தாறாயிரம்னு போட்டிருக்கே?” என்றார். இலைக் கணக்கும் சரியில்லை. அவர் கொடுத்தது 212 கிலோ, தாளில் இருந்தது 636. பாஸ்புக்கை விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். எட்டு வரவுகள், மூன்று முன்பணங்கள். “ஐயா, தப்பு என்னோடது. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் தர்றேன்” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

இரண்டு உறவுகளை ஒரே க்வெரியில் கூட்டுவது

636 என்பது 212-இன் மூன்று மடங்கு. 36,000 என்பது 4,500-இன் எட்டு மடங்கு. அந்த மூன்றும் எட்டும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் தவறு தானாகத் தெரிந்துவிடும். விவசாயியோடு வரவையும் முன்பணத்தையும் ஒரே க்வெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரே கேள்வியில், ஜாயின் செய்து (டேபிள்களை இணைத்து), இரண்டுக்கும் மொத்தம் கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டால் டேட்டாபேஸ் ஒவ்வொரு வரவையும் ஒவ்வொரு முன்பணத்தோடும் ஜோடி சேர்க்கும். எட்டு வரவும் மூன்று முன்பணமும் இருபத்து நாலு வரிசைகள் ஆகிவிடும். அதில் ஒவ்வொரு வரவும் மூன்று முறை வரும், ஒவ்வொரு முன்பணமும் எட்டு முறை வரும். கூட்டல் அந்த இருபத்து நாலு வரிசையின் மேல்தான் நடக்கும்.

கொடுப்பதற்கு முன் நான் சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் சோதித்த விவசாயி முன்பணமே வாங்காதவர். முன்பணப் பக்கம் காலியாக இருந்தால் வரவு பெருகாது, கணக்கு கச்சிதமாக வரும். ஒரே ஒரு முன்பணம் வாங்கியவருக்கும் கிலோ சரியாகவே வரும், முன்பணம் மட்டும் பெருகும். அதனால் கண்ணில் பட்ட முதல் எண் சரியாக இருந்தது, நானும் நம்பிவிட்டேன்.

இதைச் சரிசெய்யப் போகும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது, அதில்தான் பலரும் விழுகிறார்கள். எண்ணிக்கைக்கு ‘டிஸ்டிங்க்ட்’ (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுப்பது) போட்டால் சரியாகிவிடும், ஏனென்றால் அங்கே எண்ணப்படுவது பதிவின் ஐடி, அது ஒவ்வொன்றுக்கும் வேறு. அதே நம்பிக்கையில் கூட்டலுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டால், தனித்தனி மதிப்புகளை மட்டும் கூட்டும். திங்கட்கிழமை 27 கிலோ, அடுத்த வாரம் இன்னொரு நாளும் 27 கிலோ என்றால் ஒரு 27 காணாமல் போகும். முதல் தவறு எண்ணைப் பெரிதாக்கியது, பார்த்தவுடன் சந்தேகம் வரும். இது 212-ஐ 185 ஆக்கும். 185 என்பது நம்பக்கூடிய எண், யாரும் கேட்காமலே போய்விடலாம். ஒரு விவசாயிக்கு அந்த 27 கிலோ ஒரு நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளிய கூலி.

சரியான வழி, ஒவ்வொரு உறவின் மொத்தத்தையும் அதனதன் இடத்திலேயே கூட்டிவிடுவது. வரவுக்கு ஒரு சப்க்வெரி (க்வெரிக்குள் இன்னொரு க்வெரி), முன்பணத்துக்கு ஒரு சப்க்வெரி. அல்லது வியூவில் (பக்கத்துக்கான தகவலை எடுத்துத் தரும் கோடில்) இரண்டு தனி க்வெரிகளாக எடுத்து, விவசாயியின் ஐடியை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி எழுத நீளம், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

டவரைக் குறை சொல்வதற்கு முன்

மலையில் ஒரு பக்கம் மெதுவாகத் திறந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: டவர் இல்லை, மூடுபனி, மழை. பாதி நேரம் அது உண்மையும்கூட. ஆனால் பக்கத்தில் எழுத்தைத் தவிர ஒன்றும் இல்லாதபோது, சிக்னல் நாலு கோடும் இருக்கும்போது, ஐந்து விநாடி காத்திருக்க வேண்டி வந்தால் காரணம் சர்வரில்தான்.

240 விவசாயிகள், ஆளுக்கு எட்டு வரவு என்று வைத்துக்கொள்வோம். விவசாயிகளின் பட்டியலை எடுக்க ஒரு க்வெரி. டெம்ப்ளேட்டில் (பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதும் கோப்பில்) ஃபார் லூப் போட்டு ஒவ்வொருவரின் வரவுகளையும் கேட்டால் இன்னும் 240. ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் மையத்தின் பெயரைக் காட்டினால் இன்னும் 1,920. ஆக 2,161 க்வெரி. ஒன்றுக்கு இரண்டு மில்லிசெகண்ட் என்றாலும் நாலு விநாடிக்கு மேல் போய்விடும். இதை ‘என் பிளஸ் ஒன்’ சிக்கல் என்பார்கள். டெம்ப்ளேட்டில் ஒரு புள்ளி வைத்து அடுத்த டேபிளுக்குப் போவது பார்வைக்குச் சாதாரண எழுத்து, அதன் பின்னால் ஒரு க்வெரி ஓடுவது தெரியாது.

ஜாங்கோவில் மருந்து இரண்டு. ஒரு பதிவு இன்னொரு ஒற்றைப் பதிவைச் சுட்டினால், அதாவது வரவிலிருந்து மையத்துக்குப் போனால், ‘செலக்ட் ரிலேட்டட்’. அது ஜாயின் செய்து ஒரே க்வெரியில் கொண்டுவரும். ஒன்றிலிருந்து பலவற்றுக்குப் போனால், அதாவது விவசாயியிலிருந்து வரவுகளுக்குப் போனால், ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’. அது இரண்டாவது க்வெரியில் எல்லா வரவுகளையும் மொத்தமாக எடுத்து உரியவர்களிடம் பிரித்துக் கொடுக்கும். ப்ரீஃபெட்சில் வரவு, அங்கிருந்து மையம் என்று எழுதினால் 2,161 என்பது 3 ஆகிவிடும். லாராவெலில் இதே வேலையை ‘வித்’ செய்கிறது, ரெயில்ஸில் ‘இன்க்ளூட்ஸ்’.

ப்ரீஃபெட்ச் போட்டுவிட்டேன், ஆனாலும் வேகம் வரவில்லை என்பவர்கள் தங்கள் மாடலை (ஒரு டேபிளுக்கான கோடை) திறந்து பாருங்கள். டெம்ப்ளேட்டிலிருந்து க்வெரியின் ஃபில்டரை அளவுருக்களோடு அழைக்க முடியாது என்பதால், “இந்த மாத வரவுகள்” என்று மாடலில் ஒரு மெத்தட் எழுதி, அதற்குள் ஃபில்டர் போட்டிருப்பீர்கள். ஃபில்டர் என்றால் புதிய க்வெரி. ஏற்கெனவே எடுத்து வைத்ததை அது தொடவே தொடாது. இப்போது ப்ரீஃபெட்ச் க்வெரியும் ஓடும், 240 பழைய க்வெரிகளும் ஓடும். ‘ப்ரீஃபெட்ச்’ ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே அந்த மாதத்துக்கான ஃபில்டரை வைத்து, விளைவை ஒரு தனிப் பெயரில் ஏற்றிக்கொண்டால், டெம்ப்ளேட் அந்தப் பெயரை மட்டும் சுற்றிவந்தால் போதும்.

டெம்ப்ளேட் ஏன் இவ்வளவு கைகட்டி நிற்கிறது என்று எனக்கும் முதலில் எரிச்சல் வந்ததுண்டு. ஜாங்கோ அமெரிக்காவின் கான்சாஸில் லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு செய்தித்தாளின் இணையப் பிரிவில் பிறந்து 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. அங்கே பக்கத்தை வடிவமைத்தவர்கள் ப்ரோகிராமர்கள் அல்ல. எதைக் காட்டுவது என்பது வியூவில் முடிவாகட்டும், எப்படிக் காட்டுவது என்பது மட்டும் டெம்ப்ளேட்டில் இருக்கட்டும் என்று பிரித்தார்கள். கணக்கு வேலையில் இறங்கிய பிறகு அந்தப் பிரிவினையின் அருமை எனக்குப் புரிந்தது.

காலியாக வரும் பக்கம்

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். பலர் ஒரு கிலோகூடக் கொண்டுவர மாட்டார்கள். அந்த மாதத் தாளில் அவர்கள் பெயர் இருக்க வேண்டுமா? கட்டாயம் இருக்க வேண்டும், முன்பண பாக்கி இருக்கிறதே. ஆனால் விவசாயிகள் பட்டியலை வரவின் தேதியை வைத்து ஃபில்டர் செய்தால் வரவு இல்லாதவர்கள் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், எட்டு வரவு உள்ளவர் எட்டு முறை வருவார். இரண்டுக்கும் காரணம் ஒரே ஜாயின்தான். விவசாயிகளை முழுசாக எடுங்கள், மாத ஃபில்டரை ப்ரீஃபெட்சுக்குள் வையுங்கள்.

லூப்பில் ஒன்றுமே இல்லாதபோது காட்ட ‘எம்ப்ட்டி’ என்ற பகுதி இருக்கிறது. அதில் “இந்த மாதம் இலை வரவில்லை” என்று எழுதுவது நல்ல பழக்கம், வெற்றுத் தாளைப் பார்த்து யாரும் குழம்ப மாட்டார்கள். ஆனால் அதிலும் ஒரு ஆபத்து உண்டு. டெம்ப்ளேட்டில் பெயரைத் தப்பாக எழுதினால் ஜாங்கோ கத்தாது, காலி என்று எடுத்துக்கொண்டு போய்விடும். உறவுக்கு நாம் பெயர் வைக்காவிட்டால் மாடல் பெயரோடு ‘செட்’ என்று ஒட்டி அதுவே ஒரு பெயர் வைக்கும். பிறகு ஒருநாள் ‘ரிலேட்டட் நேம்’ கொடுத்து அழகான பெயர் வைத்தால் அந்தப் பழைய பெயர் செத்துவிடும். டெம்ப்ளேட்டில் அதை மாற்ற மறந்தால், இலை கொண்டுவந்த அத்தனை பேர் தாளிலும் “இந்த மாதம் இலை வரவில்லை” என்று வரும். எரர் இல்லை, வழக்கமான லாகிலும் (சர்வரின் குறிப்பேட்டிலும்) ஒன்றும் இருக்காது. பிழை ஒரு முழு வாக்கியமாக, உண்மைபோல நிற்கும். இதற்காகவே, தெரிந்த ஒரு விவசாயியை உருவாக்கி, பக்கத்தை ஓட்டி, அந்த கிலோ எண் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் எனக்குக் கட்டாயம். சர்வர் 200, அதாவது ‘எல்லாம் சரி’, என்று பதில் கொடுத்தது என்பது மட்டும் சோதனை ஆகாது.

லூப்பில் உறவின் பெயருக்குப் பின் ‘ஆல்’ போட மறந்தால் மட்டும் எரர் வரும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும்.

மையம் இல்லாத வரவு இருந்து, மையத்தை அப்படியே நேராக அச்சிட்டால் தாளில் ‘நன்’ (None) என்று ஆங்கிலத்தில் வரும். ‘டிஃபால்ட் இஃப் நன்’ போட்டு ஒரு கோடு காட்டிவிடலாம். அப்புறம், மையத்தை அழித்தால் அதன் வரவுகளும் சேர்ந்து அழியும்படி ‘கேஸ்கேட்’ வைத்திருந்தால் இன்றே ‘ப்ரொடெக்ட்’ ஆக்குங்கள், வரவு உள்ள மையத்தை அழிக்க விடாது.

ஒரே பெயரில் மூன்று பேர்

எங்கள் பக்கம் ஒரே ஹட்டியில் (படகர் ஊரில்) மூன்று போஜன், இரண்டு ஜோகி இருப்பது சர்வசாதாரணம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். வரவுகளை எடுத்து டெம்ப்ளேட்டில் ‘ரீக்ரூப்’ போட்டு விவசாயியின் பெயரால் பிரித்தால் மூன்று போஜனும் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடுவார்கள். ரீக்ரூப் அடுத்தடுத்து வரும் ஒரே மதிப்பைத்தான் சேர்க்கும், தானாக வரிசைப்படுத்தாது. அதனால் தேதி வரிசையில் வந்த பட்டியலில் ஒரே போஜன் நாலு இடத்தில் சிதறியும் வருவார். விவசாயியின் ஐடியால் வரிசைப்படுத்தி, ஐடியால் பிரித்து, பெயரோடு பாஸ்புக் எண்ணையும் காட்டுங்கள்.

விலையை எந்தப் பதிவிலிருந்து எடுத்துக் காட்டுகிறோம் என்பதிலும் இதே கவனம் வேண்டும். பச்சைத் தேயிலை விலை மாதத்துக்கு மாதம் மாறும். மையத்தின் டேபிளில் ‘விலை’ என்று ஒரே ஒரு இடம் வைத்து, கணக்குத் தாள் அங்கே போய் எடுத்துக் காட்டினால், ஆகஸ்ட் தாளை அக்டோபரில் மறுபடி அச்செடுக்கும்போது அக்டோபர் விலை வரும். விவசாயியின் கையில் இருக்கும் பழைய தாளும் புதுத் தாளும் ஒன்றோடொன்று மோதும். மாதமும் விலையும் சேர்ந்த தனி டேபிள் வேண்டும். பணம் கொடுத்து முடித்த கணக்கில் அன்றைய விலையை அந்தப் பதிவிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

தாளை ஃபோனிலேயே பார்க்க வழி செய்தபோது இன்னொன்றையும் திருத்தினேன். பக்கத்தின் இணைய முகவரியில் உள்ள எண்ணை வைத்து நேராகக் கணக்கை எடுத்தால், எண்ணை மாற்றிப் போட்டு அடுத்தவர் கடனைப் பார்க்கலாம். உள்ளே நுழைந்தவரின் உறவு வழியாகத்தான் அவருடைய கணக்கைத் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் 404, அதாவது ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’.

இப்போது மாதக் கடைசியில் அச்சுக்குப் போகும் முன் நாலு தாள்களை எடுத்துப் பாஸ்புக்கோடு ஒப்பிடுகிறேன்: இலையே கொண்டுவராத ஒருவர், இரண்டு மூன்று முன்பணம் வாங்கிய ஒருவர், இரண்டு நாள் ஒரே எடை கொண்டுவந்த ஒருவர், ஒரு போஜன். க்வெரி எண்ணிக்கை குறித்து வைத்த வரம்பைத் தாண்டினால் விழுந்துவிடும்படி ஒரு டெஸ்ட்டும் வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு அன்று சாயங்காலம் கொடுத்த தாளில் 212-உம் 4,500-உம் இருந்தன. கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, மடித்துப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டார்.