ஆயிலும் கூலண்டும் கலந்த பழைய கார்: ஹெட்டில் கை வைப்பதற்கு முன்

பழைய காரில் இன்ஜின் ஆயிலும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டும் கலந்திருப்பதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. இன்ஜின் ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்த இடத்தில் கலக்கிறது என்று சொல்வதில்தான், பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் நாங்கள் ஒரு காலத்தில் வழுக்கிய அதே இடத்தில் வழுக்குகிறார்கள். சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, அந்த வழுக்கல்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆயில் மூடியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது

ஊட்டி போன்ற குளிர்ந்த ஊர்களில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டிகளில், இன்ஜின் முழுச் சூட்டை எட்டாததால் உள்ளே படியும் ஈரம் ஆயிலோடு சேர்ந்து, மூடியின் அடியில் வெளிர்மஞ்சள் நுரையாக ஒட்டிக்கொள்ளும். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, அதன் அளவு ஏறாமலும் கூலண்ட் குறையாமலும் இருந்தால், அந்த நுரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஹெட்டைக் கழற்றிவிட்டுக் காரணம் தேடுவது

கூலண்ட் ரிசர்வ் டேங்கில் பழுப்புக் கூழைக் கண்டவுடன் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று தீர்ப்பு எழுதும் பழக்கம் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. மாருதி ஸ்விஃப்டிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் வந்த 1.3 லிட்டர் ஃபியட் டீசல் உட்படப் பல டீசல் இன்ஜின்களில், ஆயில் ஃபில்டர் பொருந்தும் இடத்தை ஒட்டி ஓர் ஆயில் கூலர் இருக்கிறது. அதன் மெல்லிய தகடுகளுக்கு ஒருபுறம் ஆயிலும் மறுபுறம் கூலண்டும் ஓடுகின்றன. இன்ஜின் வேகமாக ஓடும்போது ஆயிலின் அழுத்தம் 3 அல்லது 4 பார் வரை செல்லும், கூலண்டின் அழுத்தமோ ஏறத்தாழ 1 பார்தான் என்பதால், தகட்டில் விரிசல் விழுந்தால் ஆயில்தான் கூலண்டுக்குள் பாயும். டிப்ஸ்டிக் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். இன்ஜினை நிறுத்திய பின் நிலைமை தலைகீழாகி, கூலண்ட் சிறிது ஆயிலுக்குள் கசியவும் கூடும்.

அப்படி ஒரு டீசல் வண்டி எங்களிடம் வந்தது. வேறொரு பட்டறையில் ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து அதன் அடிப்பரப்பைச் சமமாக்கும் ஃபேஸிங் செய்து, புதிய கேஸ்கெட்டும் போல்ட்டுகளும் போட்டுப் பெரிய பில் வாங்கியிருந்தார்கள். சில வாரங்களில் அதே கூழ் திரும்பி வந்திருந்தது. உரிமையாளர் பழைய கேஸ்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் வைத்திருந்தார். அதில் சிலிண்டர்களைச் சுற்றி வரும் வளையங்களில் எங்கும் கரி பாய்ந்த தடம் இல்லை. கூலரைக் கழற்றி, ஆயில் பக்கம் காற்றைக் கொடுத்து வெந்நீர் வாளியில் அமிழ்த்தியபோது, கூலண்ட் துளையிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

கூலண்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் நீலத் திரவத்தால் சோதிப்பதும், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றைச் செலுத்தி ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை. கேஸ்கெட் சிலிண்டரைத் தொடாமல் ஆயில் வழிக்கும் கூலண்ட் வழிக்கும் இடையில் மட்டும் கசிய விட்டிருந்தால் இச்சோதனைகளில் அது சிக்காது என்பது உண்மைதான். அதனால்தான், குறைந்த செலவில் கழற்றக்கூடிய கூலரை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

பழுப்பெல்லாம் ஆயில் என்று எண்ணுவது

ஒத்துப்போகாத இருவகைக் கூலண்டுகளைக் கலந்தாலும், ஒழுகலை அடைக்கும் மருந்தை ஊற்றியிருந்தாலும் கூழ் உண்டாகும். விரலிடையே தேய்த்துப் பார்த்தால் ஆயிலின் வழுக்கல் தெரியும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஆயிலை மறப்பது

சில வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது ஓட்டை விழுந்து கசிந்தால் இளஞ்சிவப்புப் பால் போன்ற கலவை உருவாகும். தண்ணீர் பட்ட கிளட்ச் தகடுகளின் பசை இளகிவிடுவதால், கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவையும் சேர்த்துத்தான் அந்த வண்டிக்கு விலை பேச வேண்டும்.

கழுவாமல் புதிய கூலண்ட் ஊற்றுவது

பழுதைச் சரிசெய்த பின், உள்ளே ஒட்டிய கூழைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் புதிய கூலண்டை ஊற்ற வேண்டும். ஆயில் ஊறிய ரப்பர் ஹோஸ்கள் உப்பி மென்மையாகியிருந்தால், அவற்றையும் மாற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, பேரிங் போய்விடும்.