கார் சப்வூஃபர்: முதலில் பாக்ஸ், பிறகு ஸ்பீக்கர், அதன் பிறகே ஆம்ப்

சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான தனி ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) வாங்கும்போது பலரும் தலைகீழாகத்தான் போகிறார்கள். முதலில் ஸ்பீக்கர், பிறகு மிச்சக் காசுக்கு ஓர் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்), கடைசியாக டிக்கியில் எது நுழைகிறதோ அந்த அளவுக்கு ஒரு பாக்ஸ். பேஸ் கொழகொழவென்று வந்தால் பழி மட்டும் ஸ்பீக்கர் மேல் விழும். சரியான பாக்ஸில் இருக்கும் நடுத்தர ரக சப், பொருந்தாத பாக்ஸில் கிடக்கும் உயர்ரக சப்பை எளிதில் மிஞ்சிவிடும். அதனால் டேப்பை எடுத்து டிக்கியை அளப்பதுதான் முதல் வேலை.

அகலம், உயரம், ஆழம் மூன்றோடு நிறுத்திவிடாதீர்கள். டிக்கி மூடும்போது கீல் கம்பி எவ்வளவு உள்ளே இறங்குகிறது, பின்சீட்டின் முதுகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பாக்ஸ் வைத்த பிறகு ஸ்டெப்னியை எடுக்க வழி இருக்குமா என்றும் பாருங்கள். இத்தனை லிட்டர்தான் ஒதுக்க முடியும் என்று தெரிந்த பிறகு சப்பின் விவரத்தாளைத் திறக்கலாம்.

சீல்டா, போர்ட்டடா?

சீல்டு என்றால் முழுக்க அடைத்த பெட்டி. சிறியது, பேஸ் இறுக்கமாக வரும், அளவு ஒன்றிரண்டு லிட்டர் பிசகினாலும் பெரிதாகக் கெடாது. தாழ்ந்த ஹெர்ட்ஸில் அதன் சத்தம் படிப்படியாக இறங்கும். ஆனால் காரின் சின்ன கேபின் அதே தாழ்ந்த பகுதியைத் தானாகவே தூக்கிக் கொடுப்பதால், வீட்டில் ஒல்லியாகக் கேட்கும் சீல்டு பாக்ஸ் காருக்குள் நிறைவாகக் கேட்கும். காற்று போய்வர ஒரு குழாய் வைத்த போர்ட்டட் பாக்ஸ் அதே வாட்டில் அதிக சத்தம் தரும். பதிலுக்கு அதிக இடம் கேட்கும், கணக்கு தப்பினால் பாட்டு முழுக்க ஒரே சுருதியில் முழங்கும். முதல் முறை செய்பவர் சீல்டு செய்வதே நல்லது.

எந்த சப் எதற்குப் பொருந்தும் என்பதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. விவரத்தாளில் உள்ள எஃப்எஸ் (Fs, சப் இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ்) எண்ணை க்யூஇஎஸ் (Qes, அந்த அதிர்வைக் காந்தமும் காயிலும் அடக்குவதைக் காட்டும் எண்) எண்ணால் வகுங்கள். விடை 50-க்குக் கீழே என்றால் சீல்டு, 100-க்கு மேலே என்றால் போர்ட்டட், நடுவில் இருந்தால் இரண்டுக்கும் ஒத்துவரும். இந்த எண்களையே தராத சப்பை வாங்காதீர்கள். அதற்குப் பாக்ஸ் கட்டுவது குருட்டு வேலை.

லிட்டர் கணக்கு

சீல்டு பாக்ஸில் சமமான பேஸ் வர, சப்பும் பாக்ஸும் சேர்ந்த மொத்த க்யூ (அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் எண்) 0.707 இருக்க வேண்டும். 0.707-ஐ சப்பின் க்யூடிஎஸ்ஸால் (Qts, சப்பின் சொந்த க்யூ) வகுத்து, வந்த விடையை அந்த விடையாலேயே பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். விஏஎஸ் (Vas, சப்பின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் அளவு) எண்ணை இந்த விடையால் வகுத்தால் தேவையான லிட்டர் கிடைக்கும்.

உதாரணமாக, எஃப்எஸ் 28, க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 45 லிட்டர் உள்ள ஒரு 12 அங்குல சப். 0.707 ÷ 0.45 = 1.571. இதன் வர்க்கம் 2.468, ஒன்று போக 1.468. 45-ஐ அதால் வகுத்தால் 30.6 லிட்டர். இது காற்றுக்கு மட்டும். சப்பின் காந்தமும் கூடையும் சுமார் 3 லிட்டர், உள்ளே போடும் தாங்குகட்டை 1 லிட்டர் என்று கூட்டி, 35 லிட்டருக்கு உள்ளளவு எடுக்க வேண்டும். இந்தக் கூட்டலை மறப்பதால்தான் நிறைய பாக்ஸ் அளவில் சிறுத்துப்போகிறது. இடம் கொஞ்சம் குறைந்தால் பாலியஸ்டர் பஞ்சை லிட்டருக்கு 8 முதல் 16 கிராம் வரை உதிர்த்துப் போடுங்கள். சப்புக்குப் பெட்டி சற்றுப் பெரிதானது போலத் தோன்றும். காந்தத்தின் பின்னால் காற்றுத் துளை இருந்தால் பஞ்சு அதை அடைக்கக் கூடாது.

போர்ட்டட்தான் வேண்டும் என்றால், 50 லிட்டர் நிகர அளவும் 33 ஹெர்ட்ஸ் ட்யூனிங்கும் (குழாய்க் காற்று அதிரும் ஹெர்ட்ஸ்) உள்ள பாக்ஸுக்கு 10 செ.மீ. உள்விட்டக் குழாய் ஏறத்தாழ 36 செ.மீ. நீளம் வேண்டும். குழாயின் உள்முனைக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே குறைந்தது 10 செ.மீ. விட வேண்டும். குழாய் அடைக்கும் 3 லிட்டர் சொச்சத்தையும் பாக்ஸ் அளவில் கூட்டுங்கள். ட்யூனிங்குக்குக் கீழே போனால் கோனை (சப்பில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது, அது கட்டுமீறி ஆடும். அதனால் ஆம்பில் மிகத் தாழ்ந்த ஹெர்ட்ஸை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இருந்தே ஆக வேண்டும். இந்தப் பாக்ஸுக்கு அதை 28 ஹெர்ட்ஸ் அளவில் வைக்கலாம்.

ஆம்ப் பொருத்தம்

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 'மேக்ஸ்' வாட் கணக்கில் சேராது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட் மட்டும் பாருங்கள், அதுவும் உங்கள் சப் காட்டப்போகும் ஓமில் (மின்தடையில்) எவ்வளவு என்று பாருங்கள். 4 ஓம் இரட்டை வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) சப்பை பேரலலில் இணைத்தால் 2 ஓம், சீரிஸில் 8 ஓம். 2 ஓம் இரட்டைக் காயில் என்றால் 1 அல்லது 4. இரண்டு காயிலையும் இணைத்தே தீர வேண்டும், ஒன்றை மட்டும் ஓட்டக் கூடாது. 400 வாட் ஆர்எம்எஸ் தாங்கும் சப், பேரலலில் 2 ஓம் என்றால், 2 ஓமில் 400 முதல் 500 வாட் தரும் கிளாஸ் டி (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் சரியாக இருக்கும். 1 ஓம் வரை தாங்கும் என்று எழுதியிராத ஆம்பில் 1 ஓம் கொடுத்தால் அது சூடேறி ப்ரொடெக்டில் (தானே அணையும் பாதுகாப்பு நிலையில்) போய் நிற்கும், அல்லது போயேவிடும்.

ஆம்ப் சொல்வது மெய்யா என்று அதன் ஃபியூஸே காட்டிக்கொடுக்கும். ஃபியூஸ் ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கி, கிளாஸ் டி என்றால் 0.8-ஆல் பெருக்குங்கள். ஒரே ஒரு 25 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 276 வாட்தான். மேலே '1500 வாட்' என்று ஒட்டியிருந்தால் அது ஸ்டிக்கருக்கு மட்டும் சொந்தம்.

பெட்டி அடிப்பது

18 மி.மீ. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எடுங்கள். மேலே சொன்ன 35 லிட்டருக்கு உள்ளளவு 420 × 340 × 245 மி.மீ. முன்பலகையை இரட்டிப்பாக ஒட்டினால் வெட்ட வேண்டியவை:

முன்னும் பின்னும்: 456 × 376 மி.மீ. – 3 துண்டு
மேலும் கீழும்: 456 × 245 மி.மீ. – 2 துண்டு
பக்கங்கள்: 340 × 245 மி.மீ. – 2 துண்டு

டேபிள் சாவில் வெட்டி வாங்குவது நல்லது. கைரம்பத்தில் 2 மி.மீ. கோணல் வந்தாலும் மூலையில் காற்று ஒழுகும்.

முன்பலகைத் துண்டுகள் இரண்டையும் பசை தடவி, கிளாம்ப் போட்டு, ஓர் இரவு விடுங்கள். துளையின் விட்டத்தை விவரத்தாளில் உள்ள 'கட்அவுட்' அளவிலிருந்து எடுங்கள், சப்பின் வெளிவிட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். ஜிக்சாவில் வெட்டினால் கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். எம்.டி.எஃப் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் இல்லாமல் வெட்டாதீர்கள்.

பலகைகளைச் சேர்ப்பதில் பிடிப்பைத் தருவது பசை. பசை காயும்வரை பிடித்துக்கொள்ளத்தான் ஸ்க்ரூ. 40 மி.மீ. ஸ்க்ரூவை 15 செ.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள். எம்.டி.எஃப்பின் விளிம்பு அடுக்கடுக்காகப் பிளந்துகொள்ளும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் முதலில் ஸ்க்ரூவைவிடச் சன்னமான துளை போட்டாக வேண்டும். மூலையிலிருந்து 5 செ.மீ. தள்ளியே ஆரம்பியுங்கள். பசை இணைப்பு முழுவதும் சன்னமாகப் பிதுங்கி வர வேண்டும், பிதுங்காத இடத்தில் பசை போதவில்லை. பெரிய பலகைகள் நடுவில் அதிராமல் இருக்க ஒரு தாங்குகட்டையை மேலிருந்து கீழாகக் கொடுத்து, உள்மூலைகள் எல்லாவற்றிலும் இன்னொரு கோடு பசை இழுங்கள். பசைக்குப் பதில் சிலிக்கான் பூசினால், சப்பை மாட்டுமுன் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். புளித்த வாடை வரும் ரகத்தின் ஆவி உள்ளே அடைபட்டால் சப்பின் ஒட்டுகளையும் உலோகத்தையும் அரிக்கும்.

சப்பை மாட்ட மரஸ்க்ரூவைவிட டி-நட்டும் (பலகையின் பின்னால் பதியும் நட்) போல்ட்டும் மேல். கழற்றி மாட்டினாலும் பிடி தளராது. சப்புக்கும் பலகைக்கும் நடுவே ஃபோம் டேப் சுற்றி, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். முடிந்ததும் கோனின் நடுவைச் சுற்றி விரல்களைப் பரப்பி மெதுவாக அழுத்தி விடுங்கள். இறுக்கமான பெட்டியில் கோன் நிதானமாகத் திரும்பும். உடனே துள்ளி வந்தால் எங்கோ ஒழுகுகிறது. 30 ஹெர்ட்ஸ் டோனை மிதமாக ஓட்டி, ஈர விரலை ஒவ்வோர் இணைப்பிலும் டெர்மினல் கப்பிலும் (ஒயர் மாட்டும் குழி) ஓட்டினால் இடம் தெரிந்துவிடும்.

ஒயரிங்

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். 500 வாட் கிளாஸ் டி ஆம்ப் முழு வீச்சில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் தூரத்துக்கு 4 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் தடிப்பு) செம்பு ஒயரில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் விழும். 8 கேஜ் என்றால் அரை வோல்ட் போலப் போகும். அலுமினியத்தில் செம்பு பூசிய ஒயர் என்றால் இரண்டு கேஜ் தடிப்பாக எடுங்கள்.

பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் வர வேண்டும். அது காப்பது ஆம்பை அல்ல, ஒயரை. தகரத்தில் உரசி ஒயர் ஷார்ட் ஆனால் காரே எரியலாம், எனவே ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) தாண்டும் இடத்தில் ரப்பர் கிராமெட் (வளையம்) கட்டாயம். எர்த் ஒயரும் அதே தடிப்பில், 45 செ.மீ.க்குள், பெயிண்ட்டைச் சுரண்டிய பளபளப்பான உலோகத்தில் இறுக வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். டிக்கித் தரையில் துளை போடுமுன் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள், பெட்ரோல் டேங்க் அங்கேயே இருக்கலாம். பவர் ஒயர் ஒரு பக்கம், ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர் மறுபக்கம்.

கெயின்

கெயின் என்பது வால்யூம் அல்ல, ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. சப்பின் ஒயரைக் கழற்றி, ஈக்வலைசரைச் சமமாக்கி, பேஸ் பூஸ்ட்டை அணையுங்கள். ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபெல் டோனை ஓட்டுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இலக்கு வோல்ட் கிடைக்கும். 400 வாட், 2 ஓம் என்றால் 28.3. மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, கெயினை அடியிலிருந்து ஏற்றி, அந்த எண் வந்ததும் நிறுத்துங்கள். லோ-பாஸ் (அதற்கு மேலுள்ளதை வெட்டுவது) 80 ஹெர்ட்ஸ், கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹை-பாஸும் (அதற்குக் கீழுள்ளதை வெட்டுவது) 80. கோன் ஆடும் திசையை மாற்றும் ஃபேஸ் சுவிட்சை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கேட்டு, பேஸ் கூடுதலாக வரும் பக்கம் விடுங்கள்.

சப் மாட்டிய பெட்டி 20 கிலோவைத் தொடும். சடன் பிரேக்கில் அது பின்சீட்டை நோக்கிப் பாயும், எல் கிளாம்ப்போ பெல்ட்டோ போட்டுத் தரையோடு கட்டுங்கள்.

கோளாறுகள்

இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறையும் இரைச்சல் வந்தால் எர்த்தைச் சுரண்டி மறுபடி இறுக்குங்கள், பெரும்பாலும் அங்கேதான். சத்தம் ஏற்றியதும் ஆம்ப் ப்ரொடெக்டுக்குப் போனால், பாட்டு ஓடும்போதே அதன் டெர்மினலில் டிசி வோல்ட் பாருங்கள். இன்ஜின் ஓடியும் 12-க்குக் கீழே விழுந்தால் ஒயரோ பேட்டரியோ போதவில்லை. வோல்ட் நன்றாக இருந்தால் சப் ஒயரைக் கழற்றி ஓம் அளங்கள். 2 ஓம் இணைப்பு மீட்டரில் 1.6 முதல் 1.8 வரை காட்டும். 7 சொச்சம் காட்டினால் சீரிஸில் மாட்டியிருக்கிறீர்கள், பூஜ்யத்தை ஒட்டினால் ஒயரின் இழை எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது.

வார்னிஷ் கருகும் வாடை வந்தால் உடனே அணையுங்கள். கெயின் மீறி ஆம்ப் கிளிப் ஆகி (அலையின் உச்சி வெட்டுப்பட்டு), வாய்ஸ் காயில் வேகிறது. ஆறிய பிறகு கோனை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் உருக்குலைந்துவிட்டது, ரீகோன் (கோனையும் காயிலையும் மாற்றுவது) செய்யாமல் அந்த சப்பை ஓட்ட முடியாது.