குளுக்கோமீட்டர், சென்சார், இன்சுலின் பம்ப்: எப்போது மாற்றலாம்?

"பழைய மீட்டரைக் கொடுங்கள், புதியதை இலவசமாக எடுத்துச் செல்லுங்கள்" என்று மருந்துக் கடைக்காரர் சொன்னால் யாருக்கும் ஆசை வரும். மீட்டர் இலவசம்தான், ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப் இலவசம் இல்லை. நிறுவனங்களின் வருமானம் ஸ்ட்ரிப்பிலும், தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும் சென்சாரிலும் இருக்கிறது. அதனால் "புதியது வந்திருக்கிறதே" என்று கேட்பதை விட, "இப்போது இருக்கும் கருவியால் என்னுடைய எந்த முடிவு தவறாகப் போகிறது?" என்று கேட்பதுதான் பயன் தரும். அதற்குப் பதில் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

படி 1: பழைய மீட்டரைச் சோதியுங்கள்

மீட்டர் தப்புக் காட்டுகிறது என்று புகார் சொல்பவர்கள் முதலில் ஸ்ட்ரிப் டப்பாவைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதி ஈரத்திலும் வெப்பத்திலும் கெட்டுப்போகும். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ அதை வைக்கக் கூடாது. மூடியைத் திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவிலேயே எழுதிவிடுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்பது காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அதே டப்பாவில் இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட ஒரு வரம்பும் இருக்கும். அது கன்ட்ரோல் சொல்யூஷனுக்கு உரியது. ரத்தத்துக்குப் பதிலாக அந்தத் திரவத்தின் ஒரு துளியை ஸ்ட்ரிப்பில் வைத்தால், காட்டும் எண் அந்த வரம்புக்குள் விழ வேண்டும். கடைகளில் இது எளிதில் கிடைப்பதில்லை. மீட்டர் நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை நிலையத்துடன் ஒப்பிடுவது. வெறும் வயிற்றில் செல்லுங்கள். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தை விடக் கூடுதலாக இருக்கும், அப்போது ஒப்பிட்டால் மீட்டர் மீது வீண்பழி விழும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, நரம்பில் ரத்தம் எடுத்த சில நிமிடங்களுக்குள் விரலில் குத்திப் பாருங்கள். ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அதில் ஃபுளோரைடு இருக்கும். அது இல்லாமல் ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையும். பிறகு வரும் லேப் எண்ணே நம்பத்தக்கதாக இருக்காது.

இனி கணக்கு. மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரநிலையின் 2013 பதிப்பு சொல்வது இதுதான்: சர்க்கரை (ஒரு டெசிலிட்டருக்கு) 100 மி.கி.க்குக் கீழே இருந்தால் லேப் அளவிலிருந்து 15 மி.கி.க்குள்ளும், 100-உம் அதற்கு மேலும் இருந்தால் 15 சதவீதத்துக்குள்ளும், நூற்றுக்கு 95 அளவீடுகள் இருக்க வேண்டும். லேப் 142, மீட்டர் 131 என்றால் வித்தியாசம் 11, அதாவது சுமார் 8 சதவீதம். நல்ல மீட்டர். லேப் 138, மீட்டர் 171 என்றால் வித்தியாசம் 33, கிட்டத்தட்ட 24 சதவீதம். ஒரு முறை இப்படி வந்தால் புதிய ஸ்ட்ரிப் டப்பாவுடன் இன்னொரு நாள் பாருங்கள். மீண்டும் வந்தால் மீட்டரை மாற்றிவிடலாம்.

இரண்டு நிலைகளில் இந்தச் சோதனைக்கே காத்திருக்க வேண்டாம். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் உண்மையை விடக் கூட்டிக் காட்டும். உங்கள் மீட்டர் எந்த ஹிமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வரம்புக்குள் சரியாக அளக்கும் என்று கையேட்டில் பாருங்கள். வயிற்று வழி டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்துபவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரியது. ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற நொதி உள்ள ஸ்ட்ரிப், அந்தத் திரவத்தால் உடலில் சேரும் மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். அந்தப் பொய்யான எண்ணை நம்பி இன்சுலின் போட்டதால் உயிரிழப்புகள் நேர்ந்து, 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. இந்த நிலையில் இருப்பவர்கள் தங்கள் ஸ்ட்ரிப் எந்த வகை என்பதை இன்றே சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 2: விரல் குத்தலிலிருந்து சென்சாருக்கு

மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டு எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) நன்றாக இருப்பவருக்கு ஆண்டு முழுவதும் கையில் சென்சார் தேவையில்லை என்பது என் கருத்து. டைப் 1 உள்ளவர்கள், தினமும் பல ஊசி போடுபவர்கள், சர்க்கரை இறங்குவதே தெரியாமல் மயங்குபவர்கள், தூக்கத்தில் வியர்த்து விழிப்பவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள் ஆகியோரின் நிலைமை வேறு. அதிகாலை மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்பதைக் குளுக்கோமீட்டர் தானாகச் சொல்லாது.

ஆண்டுக் கணக்கில் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சென்சாரைப் போட்டுப் பாருங்கள். லிப்ரே என்ற பிராண்ட் சென்சார், மாடலைப் பொறுத்து, 14 அல்லது 15 நாள் ஓடும். சென்சார் அறிக்கையைப் படிப்பது பற்றி 2019-இல் வெளியான சர்வதேச ஒருமித்த பரிந்துரையும் 14 நாள் பதிவைத்தான் கேட்கிறது, அதில் குறைந்தது 70 சதவீத நேரமாவது தரவு பதிவாகியிருக்க வேண்டும். அறிக்கையில் முதலில் சராசரியைப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டு சர்க்கரை 70-க்குக் கீழே கழிந்த நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு அது 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். உடல் தளர்ந்த முதியவர்களுக்கு 1 சதவீதம், கால் மணி நேரம்தான். 70 முதல் 180 வரையிலான நேரம் பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், முதியவர்களுக்கு 50 போதும். இறங்கும் நேரம் கூடுதலாக இருந்தால் எச்சரிக்கை மணி உள்ள சென்சார் வேண்டும். முதல் தலைமுறை லிப்ரேயில் அது கிடையாது, லிப்ரே 2-இல் உண்டு. மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலடித் திரவத்தை. அதனால் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். அந்தக் கையின் மேல் படுத்துத் தூங்கினால் பொய்யாகத் தாழ்ந்த எண் காட்டும். லிப்ரேயில் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எண்ணைக் கூட்டிவிடும். உடல் ஒன்றும் திரை வேறொன்றும் சொன்னால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும்.

படி 3: ஆண்டுச் செலவைக் கணக்கிடுங்கள்

14 நாள் சென்சார் என்றால் ஆண்டுக்கு 26 அல்லது 27, 10 நாள் சென்சார் என்றால் 37, 7 நாள் சென்சார் என்றால் 53 வேண்டும். உங்கள் ஊர் விலையால் பெருக்குங்கள். மே மாத வியர்வையில் உரிந்து விழுபவற்றுக்கும் சில சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி ஆண்டுக்குத்தான் கட்டுப்படியாகும் என்றால் மருந்து மாற்றும் காலத்திலும் கர்ப்ப காலத்திலும் மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற நாளில் ஸ்ட்ரிப்புக்குத் திரும்பலாம். அது குறைபட்ட வழி அல்ல.

லண்டனிலிருந்து தம்பி வாங்கி அனுப்பும் மீட்டர் வேறு சிக்கல். அது மில்லிமோல் கணக்கில் காட்டும், 18-ஆல் பெருக்கினால்தான் நம் எண் வரும். 5.5 என்பது 99. ஸ்ட்ரிப்பும் உத்தரவாதமும் இங்கே கிடைக்குமா என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

படி 4: பம்ப்

சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டும் முன் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கேனுலா (இன்சுலினை உள்ளே விடும் மெல்லிய குழாய்) குத்தினால் தோலடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகிவிடும், அங்கே இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை செட்டை (கேனுலாவும் இணைப்புக் குழாயும்) மாற்றி, புதிய இடத்தில் குத்தியும் ஏறினால் அப்புறம் கருவியைச் சந்தேகிக்கலாம்.

நல்ல வெளிச்சத்தில் பம்பைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடியைச் சுற்றிக் கீறல், அழுத்தினால் வேலை செய்யாத பொத்தான், ரிசர்வாயர் (இன்சுலின் நிரப்பும் குப்பி) உட்காரும் வாயில் விரிசல் என எது இருந்தாலும் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். மெட்ரானிக் மினிமெட் 600 வரிசையில் ரிசர்வாயரைப் பூட்டிப் பிடிக்கும் வளையம் உடைந்து, இன்சுலின் கூடியோ குறைந்தோ செல்லும் சிக்கல் வந்தது. 2019-இல் எச்சரிக்கையாகத் தொடங்கியது 2021-இல் விரிவடைந்தது: ஒளி ஊடுருவும் வளையம் உள்ள பம்ப் உடையாமல் இருந்தாலும் கறுப்பு வளையம் உள்ளதாக மாற்றித் தரப்படும் என்று அறிவித்தார்கள். யாரிடமாவது இரண்டாம் கையாக இந்த வரிசை பம்ப் வாங்க நினைத்தால் முதலில் அந்த வளையத்தைப் பாருங்கள். இரண்டாம் கையாகவே வாங்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

உத்தரவாதம் பெரும்பாலும் நான்கு ஆண்டு. அது முடிவதற்குச் சில மாதம் முன்பே விலை கேட்டு வையுங்கள். முடிந்த மறுநாளே பம்ப் நின்றுவிடாது, ஆனால் நின்றால் பதிலுக்கு ஒன்று வராது. உதிரிப் பொருள் வரத்தும் முக்கியம். 2017-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் அனிமாஸ் பம்ப் தொழிலை மூடுவதாக அறிவித்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்புக்காரர்களும் வேறு கருவி தேட வேண்டியதாயிற்று.

புதிய தலைமுறையின் உண்மையான ஆதாயம், சென்சாரைப் பார்த்துப் பம்ப் தானே அளவைக் கூட்டிக் குறைப்பது. 2016-இல் எஃப்டிஏ அனுமதி பெற்ற மினிமெட் 670ஜி அந்த வகையில் முதலாவது. அதற்குப் பின் வந்த 780ஜி பம்ப், சர்க்கரை 100, 110, 120 என்ற இலக்குகளில் ஒன்றை வைத்து, தேவைப்பட்டால் ஏறிய சர்க்கரையை இறக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திருத்த அளவும் கொடுக்கும். இரவுத் தூக்கம் கெடுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் சாப்பாட்டுக்கான மாவுச்சத்தை நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும். மூன்று தோசை தின்றுவிட்டு ஒன்றும் பதியாதவருக்கு எந்தப் பம்பும் முழு பலன் தராது. சென்சார் செலவு கட்டாது என்றால் இந்த மேம்பாட்டுக்குக் கொடுக்கும் லட்சங்களும் வீண், சென்சார் இல்லாமல் அது சாதாரண பம்ப்தான்.

படி 5: மாற்றும் வாரம்

பழைய பம்பின் திரைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள்: மணிவாரியான பேசல் (நாள் முழுதும் ஓடும் அடிப்படை இன்சுலின்), மாவுச்சத்து விகிதம் (ஒரு யூனிட் இன்சுலின் எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு), திருத்தக் காரணி (ஒரு யூனிட் சர்க்கரையை எவ்வளவு இறக்கும்), இலக்கு, இன்சுலின் செயல்படும் நேரம், இரண்டு வார மொத்த அளவு. புதியதில் எந்த எண்ணை இடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தேர்வு, திருமணம், பயணம் இல்லாத வாரமாகப் பார்த்து, மருத்துவமனை திறந்திருக்கும் நாளில் காலையில் தொடங்குங்கள். உங்கள் கைப்பேசி மாடல் புதிய கருவியின் செயலி ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

பம்பில் ஓடுவது விரைவு இன்சுலின் மட்டும். குழாய் அடைத்தால் சில மணி நேரத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கும். அதனால் பேனா இன்சுலின், ஊசி, கீட்டோன் ஸ்ட்ரிப், பழைய மீட்டர் எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கட்டும்.

அந்தப் பழைய மீட்டரைப் பிறகு உறவினருக்குக் கொடுக்க நினைத்தால், நினைவகத்தை அழித்து, துடைத்துக் கொடுங்கள். விரல் குத்தும் பேனாவை மட்டும் கொடுக்காதீர்கள். ஊசியை மாற்றினாலும் அதன் முனையில் ஒட்டிய ரத்தத்தால் ஹெபடைடிஸ் பி பரவலாம்.