ஆம்ஸ்டர்டாம் டான்ஸ் ஈவென்ட்: முதல்முறை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபரில் புதன் தொடங்கி ஞாயிறு வரை ஐந்து நாள். 1996-ல் எலக்ட்ரானிக் நடன இசைத் துறையின் சின்ன மாநாடாக ஆரம்பித்த ஆம்ஸ்டர்டாம் டான்ஸ் ஈவென்ட், இப்போது ஊர் முழுக்கப் பரவி சுமார் ஆயிரம் நிகழ்ச்சிகளாக வளர்ந்து நிற்கிறது. பகலில் இசையை வெளியிடும் லேபிள்காரர்களும் புக்கிங் ஏஜென்ட்களும் புரமோட்டர்களும் உட்கார்ந்து பேசுகிறார்கள். இரவில் அதே ஆட்கள் கிளப்பில் நிற்கிறார்கள். புதிதாக வருகிற புரொட்யூசர்களும் டிஜேக்களும் வருடா வருடம் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். பழையவர்கள் விழுந்து எழுந்த அதே குழிகள்தான். சார்ஜர் மறப்பது, மழைக்கோட் இல்லாமல் வருவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அந்த ஊர் மழையே முதல் நாளில் சொல்லிக்கொடுத்துவிடும்.

பாஸ் இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நம்புவது

ப்ரோ பாஸ் என்பது மாநாட்டுக்கான அனுமதி. அதைக் காட்டிப் பல இரவு நிகழ்ச்சிகளுக்குள் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் 'இடம் இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனை கூடவே வருகிறது. பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய எண்ணிக்கை முடிந்ததும் வாசலில் நிற்பவர் தலையை ஆட்டிவிடுவார். கழுத்தில் தொங்கும் அட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாலும் பயன் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு குளிரில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் ஏராளம்.

கட்டாயம் பார்த்தே ஆகவேண்டிய இரண்டு இரவுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குத் தனியாக டிக்கெட் வாங்கிவிடுங்கள். மற்ற இரவுகளை பாஸை நம்பி விடலாம், கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவதென்றால். டிக்கெட் தீர்ந்துபோன நிகழ்ச்சிக்கு, ஆம்ஸ்டர்டாமில் 2012-ல் தொடங்கிய டிக்கெட் மறுவிற்பனைத் தளமான டிக்கெட்ஸ்வாப்பில் பாருங்கள். அங்கே அசல் விலைக்கு மேல் 20 சதவீதத்துக்கு அதிகமாக யாரும் கேட்க முடியாது. நிகழ்ச்சி நடத்துபவர்கள் அதனுடன் கைகோத்திருந்தால், விற்றவரின் பார்கோடு ரத்தாகி உங்கள் பெயருக்குப் புதியது வரும். சமூக வலைத்தளத்தில் கமென்ட் போட்டு விற்கும் ஆளிடம் இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. ஒரே பார்கோடை ஆறு பேருக்கு விற்றிருப்பார். முதலில் ஸ்கேன் ஆனவருக்குத்தான் இடம்.

அசல் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். வயதைச் சரிபார்க்கும்போது போனில் உள்ள போட்டோவை ஏற்காத வாசல்களே அதிகம்.

கிளப் வெர்ஷனையே டெமோவாகக் கொடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. பயணம், அறை, பாஸ் என்று அத்தனை செலவும் கடைசியில் ஒரு நிமிடத்தில் வந்து நிற்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் வெறும் கிக் டிரம் மட்டும் ஓடுகிறது.

டெமோ கேட்கும் அமர்வுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி. மேசைக்குப் பின்னால் மூன்று லேபிள்காரர்கள், அறை நிறைய ஆட்கள். ஒரு பையனின் டிராக் தொடங்குகிறது. வேகம் 124 பிபிஎம். முதல் 32 பாருக்கு (பார் என்பது நாலு தட்டு) கிக்கும் ஹை-ஹேட்டும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 32 பார் என்றால் 128 தட்டு, நிமிடத்துக்கு 124 தட்டு வீதம் 62 விநாடி. அவன் உயிரைக் கொடுத்துச் செதுக்கிய பேஸ்லைன் 48-வது பார் முடிந்த பிறகுதான் நுழைகிறது, அதாவது 93-வது விநாடியில். போதும் என்று மேசையிலிருந்து கை எழும்போது 70 விநாடி ஆகியிருக்கிறது. "இனிமேதான் சார் வரும்" என்று அவன் சொல்வதற்குள் அடுத்தவர் டிராக் ஓடத் தொடங்கிவிட்டது.

நீண்ட இன்ட்ரோவுக்கு ஒரு வேலை இருக்கிறது. முந்தைய பாட்டின் மேல் இதை ஏற்றி டிஜே மிக்ஸ் செய்வதற்கான இடம் அது. மேசையில் உட்கார்ந்து கேட்பவர் எதையும் மிக்ஸ் செய்யப்போவதில்லை. அவருக்கு வேண்டியது கேட்பதற்கான ஒரு வடிவம்: 8 பார் இன்ட்ரோ (124 பிபிஎம்மில் பதினைந்தரை விநாடி), 30 விநாடிக்குள் பாட்டின் முக்கிய யோசனை, மொத்தம் இரண்டரையிலிருந்து மூன்று நிமிடம்.

வெட்டும் வேலையை எக்ஸ்போர்ட் செய்த ஆடியோ ஃபைலில் செய்யாதீர்கள். பாட்டை உருவாக்கிய மென்பொருளில் புராஜெக்ட்டைத் திறந்து அதிலேயே செய்யுங்கள். ஃபைலில் 24 பாரை வெட்டி எடுத்தால் ரிவெர்ப், டிலேயின் எதிரொலி வால்கள் பாதியில் அறுந்து 'டப்' என்று காதில் இடிக்கும். 32 பாருக்கு மெல்ல மெல்லத் திறந்த ஃபில்டர் திடீரென்று முக்கால்வாசி திறந்த நிலையில் வந்து நிற்கும். புராஜெக்ட்டுக்குள் என்றால் அந்த ஃபில்டர் திறக்கும் கோட்டை (ஆட்டோமேஷன்) 8 பாருக்குச் சுருக்கி வரைந்துவிடலாம். அரை மணி நேர வேலை. எக்ஸ்போர்ட் செய்யும்போது ட்ரூ பீக் (ஒலி தொடும் உண்மையான உச்சம்) -1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். எம்பி3 ஆக மாறும்போது உச்சங்கள் இன்னும் கொஞ்சம் ஏறும். விளிம்பு வரை தள்ளிய மாஸ்டர் அங்கேதான் கரகரக்கும்.

அடுத்து, எதில் கேட்கவைக்கிறீர்கள் என்பது. போன் ஸ்பீக்கரில் 45 ஹெர்ட்ஸ் சப் பேஸ் வராது. கிக்கின் அடிவயிறும் வராது. அந்தப் பேஸை நம்பியே எழுதிய டிராக், காபி கவுண்டர் இரைச்சலில் வெறும் தகர டப்பாச் சத்தமாகிவிடும். காதை மூடும் ஹெட்போனும், உங்கள் போனுக்குப் பொருந்தும் அடாப்டரும் பையில் இருக்கட்டும். ஹெட்போனை நீட்டும் முன் துடைத்துக் கொடுங்கள்.

ஃபைல் பெயர் 'ஃபைனல் மாஸ்டர் நியூ 7' என்று இருந்தால், அது அவருடைய போல்டரில் இருக்கும் நூறு 'ஃபைனல்'களில் ஒன்றாகிப் புதைந்துவிடும். கலைஞர் பெயர், டிராக் பெயர், மின்னஞ்சல் மூன்றும் ஃபைல் பெயரிலேயே வேண்டும், ஃபைலுக்குள் பதியும் விவரக் குறிப்பான டேகிலும் வேண்டும். வேவ் ஃபைலின் டேகைப் பல மென்பொருள்கள் சரியாகப் படிப்பதில்லை. அதனால் முதலில் 320 கேபிபிஎஸ் எம்பி3 கொடுங்கள். ஆறு நிமிட டிராக் அதில் 14 எம்பிதான். 24 பிட் வேவ் என்றால் 95 எம்பியைத் தொடும். ஓட்டல் வைஃபையில் அதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். வேவும் நீண்ட கிளப் வடிவமும் கேட்டால் கொடுக்கத் தயாராக இருந்தால் போதும்.

லிங்க் கொடுப்பதானால் லாகின் கேட்காத, சில நாளில் காலாவதியாகாத தனிப்பட்ட ஸ்ட்ரீமிங் லிங்க்காக இருக்கட்டும். கிளம்பும் முன் இன்னொருவர் போனில், உங்கள் கணக்கு இல்லாத பிரவுசரில் திறந்து பாருங்கள். மூன்று டிராக்குக்கு மேல் வேண்டாம். எதிலாவது மற்றவர்களின் பாட்டிலிருந்து எடுத்த சாம்பிள் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் எழுதும் கட்டத்தில் சொன்னால் லேபிள்காரர் பாட்டை மட்டுமல்ல, உங்களையும் ஒதுக்கிவிடுவார்.

டிஜே செட் நடுவே பென் டிரைவ் நீட்டுவது

வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் பிளேயரில் தெரியாதவர் கொடுத்த டிரைவை யாரும் செருக மாட்டார்கள்.

சந்திப்புகளை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

வேலை இருக்கிறவர்களின் நேரப் பட்டியல் செப்டம்பர் கடைசியிலேயே நிரம்பிவிடும். பாஸ் வாங்கியவுடன் பிரதிநிதிகள் பட்டியலைத் திறந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய லேபிளின் தலைவரைவிட அவருக்குக் கீழே டெமோ கேட்கும் ஆள், நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன லேபிள், உங்கள் பாணிக்கு ஏற்ற புரமோட்டர் ஆகியோர்தான் பயன்படுவார்கள். நிகழ்ச்சிக்கு நாலைந்து வாரம் முன்பே ஐந்து வரியில் எழுதுங்கள்: யார், எந்த மாதிரி இசை, ஏன் அவரிடம், ஒரு லிங்க், "வியாழன் 2 முதல் 4 மணிக்குள் 15 நிமிடம் கிடைக்குமா?" என்ற கேள்வி. பன்னிரண்டில் நாலு பதில் வந்தாலே நல்ல அறுவடை.

ஒரு நாளைக்கு நாலு சந்திப்புக்கு மேல் அடுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே அரை மணி இடைவெளி விடுங்கள்; முதல் ஆள் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். காலை 11-க்கு முன் வைக்க வேண்டாம். எதிரில் உட்காரப்போகிறவரும் விடியற்காலை அறைக்குத் திரும்பியவர்தான். 'லாபியில் பார்ப்போம்' என்பது முகவரியே இல்லை. எந்தக் கவுண்டர், எந்தப் பக்கம், என்ன நிறச் சட்டை என்பது வரை சொல்லுங்கள்.

சனிக்கிழமைக்கு எதையும் தள்ளாதீர்கள். அதற்குள் பலர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள், அல்லது எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒரே இரவில் நாலு திசை

வரைபடத்தில் ஆம்ஸ்டர்டாம் சின்ன ஊர்தான். ஆனால் நிகழ்ச்சி நடக்கும் இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. கேஷௌடரும் எலமென்டன்ஸ்ட்ராட் கிடங்கும் மேற்கே. ஜிகோ டோம், ஆஃபாஸ் லைவ், யோஹான் கிரைஃப் அரினா மூன்றும் தென்கிழக்கே. பழைய கப்பல் கட்டும் தளமான என்டிஎஸ்எம் வடக்கே, தண்ணீருக்கு அக்கரை. மூன்று பக்கமும் ஒரே ராத்திரியில் என்று திட்டம் போட்டால் பாதி இரவு பஸ் நிறுத்தத்தில் கழியும். சாதாரண நாட்களில் மெட்ரோவும் டிராமும் சுமார் பன்னிரண்டரைக்கு நின்றுவிடும். அதன்பின் இரவுப் பேருந்துதான். ஒரு இரவுக்கு ஒரு திசை என்று முடிவு செய்யுங்கள்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்து கிளம்பும் படகுகள் இலவசம். அக்கரையில் இருக்கும் ஆடம் டவர் பக்கம் போகும் பைக்ஸ்லோட்டர்வெக் படகு இரவு முழுவதும் ஓடும். என்டிஎஸ்எம் படகு அப்படியில்லை; கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கரையில் பார்த்துக்கொள்ளுங்கள். டிராமிலும் மெட்ரோவிலும் வங்கி அட்டையைத் தட்டி ஏறி, இறங்கும்போது அதையே மறுபடி தட்ட வேண்டும். ஏறும்போது அட்டை, இறங்கும்போது போன் என்று தட்டினால் இயந்திரத்துக்கு அவர்கள் இரண்டு பேர். கூடுதல் கட்டணம் பிடித்துவிடும்.

சைக்கிள் பாதையில் நின்று போன் பார்ப்பது

மணி அடிப்பார்கள். நிறுத்த மாட்டார்கள்.

காதைக் கடைசி இரவில் நினைத்துக்கொள்வது

நெதர்லாந்தில் இசை அரங்கங்கள் ஒப்புக்கொண்டிருக்கும் உச்சவரம்பு, 15 நிமிடச் சராசரியாக 103 டெசிபல். 85 டெசிபலில் 8 மணி நேரம், பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 103 டெசிபலுக்கு ஏழரை நிமிடம்தான் கிடைக்கிறது. நீங்கள் நிற்கப்போவது ஐந்து மணி நேரம், அதுவும் நாலு இரவு.

இசைக்கென்று செய்த ஃபில்டர் இயர்பிளக் ஒலியை ஓரளவு சமமாகக் குறைக்கும். பஞ்சு மாதிரியான ஃபோம், கூர்மையான ஒலிகளை அதிகம் விழுங்கிவிடும். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு ஃபோம் மேல், சரியாகச் செருகினால். விரல்களுக்கிடையே மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலேயும் பின்னேயும் இழுங்கள். உள்ளே தள்ளி, விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது வெறும் அலங்காரம்.

லேப்டாப் பையோடு நேரே கிளப்புக்குப் போவது

பெரிய பையை வாசலிலேயே திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. அறைக்குப் போய் வைத்துவிட்டு வாருங்கள்.

விசாவையும் அறையையும் தள்ளிப்போடுவது

ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாள் முன் என்பது கடைசி வரம்பு. அந்த வரம்பை நம்பி அக்டோபர் பயணத்துக்கு செப்டம்பர் கடைசியில் அப்பாயின்ட்மென்ட் தேடினால் கிடைப்பது நவம்பர் தேதியாக இருக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். அறை விலையைப் பார்க்கும்போது, அதன் மேல் 12.5 சதவீதம் நகரச் சுற்றுலா வரி உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பின் 'நாம சந்திச்சோமே' என்று மட்டும் எழுதுவது

அவர் அந்த வாரத்தில் நூறு பேரைச் சந்தித்திருக்கிறார். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்து வெளியே வந்ததும் போனில் 20 விநாடி குரல்குறிப்பு பேசிவையுங்கள்: பெயர், எங்கே, என்ன கேட்டார். திங்கட்கிழமை அவருடைய இன்பாக்ஸ் நிரம்பி வழியும். புதன் அல்லது வியாழன் அனுப்புங்கள். மின்னஞ்சல் தலைப்பு இப்படி இருந்தால் போதும்: "வியாழன், காபி கவுண்டர், 124 பிபிஎம் டிராக்: நீங்கள் கேட்ட நீண்ட வடிவம்." கேட்ட லேபிளுக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரே மின்னஞ்சலைப் பதினைந்து பேருக்கு மறைபிரதியாக (பிசிசி) அனுப்பி, இரண்டு பேர் சரி என்று சொன்னால், ஒருவரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அந்த இருவரும் அடுத்த அக்டோபரில் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் ஒரு வாரம் மௌனம் என்றால், வேறு லேபிளுக்குக் கொடுக்கப்போவதாக இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.