உங்கள் கற்பனை நகரத்தைக் கோயில் ஆள வேண்டுமென்றால்

கதைக்காகவோ விளையாட்டுக்காகவோ ஒரு கற்பனை நகரத்தை உருவாக்குகிறீர்கள், அங்கே ராஜா கிடையாது, பூசாரிகள்தான் ஆள்கிறார்கள் என்றும் முடிவு செய்துவிட்டீர்கள். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் உடனே ஒரு தலைமைப் பூசாரியைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள், அவருக்கு உள்ளூரக் கடவுள் நம்பிக்கையே இல்லை, எல்லாம் அதிகாரத்துக்கான வேஷம் என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் கொடுங்கோல் ராஜாவின் கதைக்கும் உங்கள் கதைக்கும் உடையைத் தவிர வேறு வித்தியாசம் இருக்காது.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: கடவுள் சொல்வது யார் காதில் விழுகிறது? அப்புறம், அவர் கேட்டதாகச் சொல்வதைச் சரிபார்க்க யாருக்கு உரிமை இருக்கிறது? கடவுளின் வாக்குக்கும், நாளைக் காலை சந்தையில் எந்த எடைக்கல் செல்லும் என்ற உத்தரவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அரசாங்கம். அவர்களை நன்றாக யோசித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பழைய எகிப்தில், தீப்ஸ் நகரத்து ஆமுன் கோயிலில், இந்த இடைவெளியைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஆமுனின் திருவுருவைப் படகு வடிவப் பல்லக்கில் வைத்துப் பூசாரிகள் தோளில் சுமந்து வருவார்கள், வழக்கை அதன் முன்னால் சொல்வார்கள், பல்லக்கு முன்னால் நகர்ந்தால் ஆம், பின்வாங்கினால் இல்லை. திருட்டு வழக்கு முதல் பதவி நியமனம் வரை இப்படி முடிவாகியிருக்கிறது. சுமந்தவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதுவது சுலபம். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு: பல பேர் சேர்ந்து சுமக்கும்போது யார் கால் முதலில் நகர்ந்தது என்று அவர்களுக்கே தெரியாது, ஒவ்வொருவரும் தன் தோளில் கடவுள் அழுத்தியதாக உண்மையாகவே நம்புகிறார்கள். பொய் சொல்லாத மனிதர்கள் சேர்ந்து தப்பான தீர்ப்பு தருகிறார்கள் என்றால் அதில் எத்தனை கதை இருக்கிறது பாருங்கள்.

நானே ஒரு நகரத்தைச் செய்து காட்டுகிறேன். பெயர் ஈரவாசல், துறைமுகம், தெய்வம் கடல். கோயில் படித்துறையில் ஒரு கல்தூண் நிற்கிறது, அதில் வரிசையாகக் கீறல்கள். தினமும் விடியலில் தண்ணீர் எந்தக் கீறல் வரை ஏறியிருக்கிறதோ அந்த எண்ணை ஓர் எழுத்தர் உரக்கச் சொல்வார். கடவுளின் பேச்சு அவ்வளவுதான், ஒரே ஓர் எண். அதற்குப் பொருள் சொல்பவர்கள் உரைகாரர்கள். அவர்களுக்குள் இரண்டு கட்சி: பழைய ஏட்டில் அந்த எண்ணுக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதை மாற்றக் கூடாது என்கிறது ஒன்று, நிலாவையும் காற்றையும் சேர்த்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும் என்கிறது மற்றது. இதில் யாருமே கெட்டவர்கள் இல்லை, ஆனாலும் அரசியல் வந்துவிட்டது. தூணில் பாசி படிகிறது, அதைச் சுரண்டும் வேலை தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்திடம் இருக்கிறது, சுரண்டச் சுரண்டக் கீறல்கள் அகலமாகின்றன, விளிம்பில் நிற்கும் தண்ணீர் பதினொன்றா பன்னிரண்டா என்று சண்டை வருகிறது, பதினொன்று என்றால் கப்பல்கள் கிளம்பலாம், பன்னிரண்டு என்றால் கூடாது. பாசி சுரண்டும் பெண்ணுக்கு ஒரு வணிகர் கடன் கொடுத்திருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், முதல் அத்தியாயம் கிடைத்துவிடும். உங்கள் நகரத்துக்கும் இப்படித் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைப் பிடியுங்கள். தரிசனம், அசரீரி என்று மொட்டையாக விட்டால் யாராலும் அதில் சண்டை போட முடியாது.

அடுத்தது சொத்து. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் ஆட்சியின் முதுகெலும்பே இதுதான். கோயில் எப்படிச் சாப்பாடு போடுகிறது, யாருக்கு நிலம் குத்தகைக்கு விடுகிறது, பஞ்ச காலத்தில் தானியக் கிடங்கின் சாவி யாரிடம் இருக்கிறது? பழைய மெசபடோமியாவில் கோயில்கள் தங்கள் ஆட்களுக்குப் பார்லியைப் படியாக அளந்து கொடுத்தன, அந்தக் கணக்குகள் களிமண் பலகைகளில் இன்றும் இருக்கின்றன. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் கோயில் விளக்குக்கு, 96 ஆடு என்று வரும். தானமாகக் கொடுத்த ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள், அவர்கள் தினமும் அளந்து நெய் கொண்டுவர வேண்டும், ஆடு செத்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. அந்தப் பொறுப்பு பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். ஒரு விளக்கு எரிவதற்குப் பின்னால் இத்தனை பேரின் வாழ்க்கை கட்டப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் நகரத்திலும் காட்டுங்கள். அப்போதுதான், இந்த ஆட்சியை ஏன் யாரும் எதிர்ப்பதில்லை என்ற கேள்விக்குப் பயத்தைத் தாண்டிய பதில் கிடைக்கும்: பாதி ஊர் அதன் சம்பளத்தில் இருக்கிறது.

நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதிலும் அவசரப்படாதீர்கள். மத ஆட்சி என்றால் பூசாரியே அரியணையில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1750-இல் திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, பத்மநாபதாசன் என்ற பெயரில் தொடர்ந்து ஆண்டார். வாள் கையில் இருந்தது, ஆனால் நாடு கடவுளுடையது, அதனால் எதிர்த்தவன் ராஜத்துரோகியோடு தெய்வத்துரோகியும் ஆனான். ஜெனீவாவில் நேர் எதிர். அங்கே கிறிஸ்தவச் சீர்திருத்தத்தை நடத்திய போதகர் கால்வினிடம் நகர நிர்வாகப் பதவி எதுவும் இல்லை, 1559 வரைக்கும் அந்த நகரத்தின் குடியுரிமைகூட இல்லை. 1541-இல் அமைந்த கன்சிஸ்டரி என்ற சபையில் போதகர்களும் நகர மன்றங்களிலிருந்து வந்த மூப்பர்களும் வாராவாரம் கூடி, புருஷன் பெண்டாட்டி சண்டை, நடனம், சூதாட்டம், ஜெபம் சரியாகத் தெரியாதது என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். சிறையில் போடும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை, அது நகர மன்றத்தின் வேலை. ஆனால் ஒருவரைத் திருவிருந்து என்ற தேவாலயச் சடங்கிலிருந்து விலக்கி வைக்கும் உரிமை யாருடையது என்பதிலேயே இரண்டுக்கும் பல வருடம் மோதல் நடந்து, 1555 வாக்கில்தான் முடிந்தது. எனக்கு இந்த மாதிரி எல்லைத் தகராறுகள் ரொம்பப் பிடிக்கும். தண்டிக்கிறவர் ஒருவர், பாவி என்று அறிவிக்கிறவர் இன்னொருவர் என்று பிரித்து வையுங்கள், இருவரும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டே இருப்பார்கள்.

கற்பனை உலகம் என்பதால் இன்னொரு சிக்கல் உண்டு: கடவுள் நிஜமாகவே இருக்கலாம், பதிலும் சொல்லலாம். கேட்டவுடன் எல்லாருக்கும் பதில் சொல்கிற கடவுள் என்றால் பூசாரிக்கு வேலையே இல்லை, ஆகவே அணுகுவதை அரிதாக்குங்கள். பழைய கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலில் பித்தியா என்ற பெண் பூசாரி மாதத்துக்கு ஒரு நாள்தான் குறி சொன்னாள், குளிர்கால மாதங்களில் அதுவும் கிடையாது, சில நகரங்களுக்கு வரிசையில் முன்னால் நிற்கும் சலுகை கௌரவமாக வழங்கப்பட்டது. வரிசையை யார் ஒழுங்குபடுத்துகிறாரோ அவர் கையில் அதிகாரம் இருக்கும், வாய் திறக்காத தெய்வமானாலும் சரி, திறக்கிற தெய்வமானாலும் சரி. கடவுளுக்கு நகர நிர்வாகத்தில் அக்கறையே இல்லாமல் இருப்பதும் நன்றாக வரும்: சாக்கடை வரியைப் பற்றிக் கேட்டால், கடல் தெய்வம் திமிங்கிலங்களைப் பற்றிப் பேசுகிறது, உரைகாரர்கள் அதிலிருந்து சாக்கடை வரியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

சட்டம் எழுதும்போது பெரிய குற்றங்களில் தொடங்காதீர்கள். சத்தியப் பிரமாணத்தில் தொடங்குங்கள். வெளியூர் வணிகர் ஈரவாசலுக்கு வருகிறார், அவருக்குக் கடல் தெய்வம் இல்லை, ஒப்பந்தம் போடவோ சாட்சி சொல்லவோ தூணைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். அவர் தொட்டால் கடலுக்கு அவமதிப்பு, தொடாவிட்டால் வியாபாரம் கிடையாது. ஆக, காசு வாங்கிக்கொண்டு அந்நியர்களுக்காகச் சத்தியம் செய்யும் ஒரு கூட்டம் உருவாகிறது, வணிகர் ஏமாற்றிவிட்டால் தண்டனை சத்தியம் செய்தவருக்கு. பிறப்பு, கல்யாணம், சாவு, பதிவேடு, விடுமுறை நாள் எல்லாவற்றையும் இதே மாதிரி யோசிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும்.

வாரிசு விஷயம் மட்டும் விரிவாக வேண்டும், ஏனென்றால் மகன் பட்டத்துக்கு வர முடியாத ஆட்சியில் ஒவ்வொரு சாவும் ஒரு நெருக்கடி. 1268-இல் போப் இறந்தபோது விட்டெர்போ நகரத்தில் கூடிய கார்டினல்கள் மூன்று வருடம் நெருங்கியும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் அவர்களைப் பூட்டிவைத்துச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1274-இல் வந்த விதி அதைச் சட்டமாகவே ஆக்கியது: மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே பதார்த்தம், இன்னும் ஐந்து நாள் போனால் ரொட்டியும் தண்ணீரும் திராட்சை மதுவும் மட்டும். தலாய் லாமாக்கள் ஆண்ட காலத்துத் திபெத்தில் தலைவர் மறுபிறவியாகக் குழந்தை வடிவில் வருவார், ஆகவே அவர் வளரும் வரை வேறொருவர் ஆள வேண்டியிருந்தது. 1682-இல் ஐந்தாம் தலாய் லாமா இறந்ததை அவருடைய நிர்வாகி சாங்யே கியாட்ஸோ பதினைந்து ஆண்டுகள் அளவுக்கு மறைத்து, அவர் தனிமைத் தியானத்தில் இருக்கிறார் என்றே சொல்லிவந்தார், அந்தக் காலத்தில் பொட்டாலா அரண்மனையின் கட்டுமானமும் தொடர்ந்து நடந்தது. மூடிய கதவுக்கு வெளியே தினமும் தட்டு வைத்து எடுப்பவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும் என்று உங்கள் நகரத்துக்கு யோசித்துப் பாருங்கள்.

எதிரிகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கடவுள் இல்லை என்பவன் இந்த ஆட்சிக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஊரே அவனைச் சும்மா விடாது. ஆட்சியை நடுங்க வைப்பது இன்னும் ஆழமான பக்தி. தூணை நம்புகிற ஒரு மீனவப் பெண், உரைகாரர்களை விடக் கவனமாகக் கடலைப் படித்து, நீங்கள் சொல்வது தப்பு என்கிறாள். அவளை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? பக்தியால் ஏறியவர்கள் அதே பக்தியால் விழவும் செய்கிறார்கள். ஃபிளாரன்ஸில் 1497 பிப்ரவரியில் ஆடம்பரப் பொருள்களைக் குவித்து எரிக்கும் அளவுக்குச் சவொனரோலா என்ற கிறிஸ்தவத் துறவியின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. 1498 ஏப்ரலில் அவர் தரப்புக்கும் எதிர்த்தரப்புக்கும் தீமிதிப் பரீட்சை ஒன்று ஏற்பாடாகி, கூட்டம் மணிக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் நடக்கவே இல்லை. மறுநாளே கூட்டம் அவருடைய மடத்தைத் தாக்கியது, மே 23-இல் அவர் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். எதிர்பார்த்த அற்புதம் நடக்காத ஒரு மதிய நேரம் போதும், படை எதுவும் வர வேண்டாம்.

உங்கள் கதையில் ஆட்சி கவிழ்கிறது என்றால் அன்றோடு எல்லாம் முடிந்ததாக எழுதாதீர்கள். 1870-இல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்ததோடு போப்பின் ஆட்சிப்பகுதி முடிந்தது, ஆனால் அதற்குப் பிறகு வந்த போப்புகள் 1929 உடன்படிக்கை வரை வாட்டிகனை விட்டு வெளியே வரவே இல்லை, தங்களைக் கைதிகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். ஈரவாசலில் தோற்றுப்போன உரைகாரர்கள் எந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறார்கள், யார் அவர்களுக்கு இன்னும் சாப்பாடு அனுப்புகிறார்கள், புது ஆட்சி நிலப் பத்திரங்களைப் படிக்க அவர்களிடமே ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறதா என்பதையெல்லாம் கவிழ்ப்புக் காட்சியை எழுதுவதற்கு முன்னாலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.